டயர் கடையில் ஒரு மணி நேர முதலாளி

போன வருடம் ஆயுத பூஜை முடிந்த அடுத்த வாரம் நடந்தது இது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு சின்ன கம்பெனியில் நான் வேன் ஓட்டுகிறேன். ஆட்களை ஏற்றி இறக்குவது, சரக்கு கொண்டுபோவது, அவ்வளவுதான் என் வேலை. படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. புது ஆட்களிடம் பேசுவது என்றால் இந்த வயதிலும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

எங்கள் சின்ன முதலாளியிடம் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது. இரண்டே கதவு. தரையோடு படுத்துக்கிடக்கிற மாதிரி இருக்கும். அதை அவர் யாரையும் தொடவிட மாட்டார். அந்த வாரம் அவர் கோயம்புத்தூரில் மாட்டிக்கொண்டார். டயர் நான்கும் தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டன, மழையும் தொடங்கப் போகிறது. எனக்கு போன் செய்தார்.

"அண்ணே, நீங்கதான் நிதானமா ஓட்டுவீங்க. வண்டிய எடுத்துட்டு போய் டயர் மாத்திட்டு வந்துடுங்க. ஆபீஸ்ல கார்டு வாங்கிக்குங்க. எந்த டயர்னு கேட்டாங்கன்னா மட்டும் எனக்கு ஒரு போன் போடுங்க."

அந்த வண்டியை என்னை நம்பிக் கொடுத்தாரே என்று எனக்கு ஒரே பெருமை. ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் கொடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். செங்குன்றம் போகிற வழியில் பெரிய கண்ணாடி வைத்த டயர் கடை ஒன்று உண்டு. வண்டியை உள்ளே விட்டதும் மேனேஜர் ஓடி வந்து கதவைத் திறந்துவிட்டார்.

"வாங்க சார், வாங்க. உள்ள ஏசில உக்காருங்க."

நான் டிரைவர் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் வண்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். ஒருவர் பேச்சை நிறுத்தி நடுவில் பேச எனக்கு வராது. சோபாவில் உட்கார வைத்தார். காப்பி வந்தது. அவர் நின்றுகொண்டே பேசினார், நான் உட்கார்ந்திருந்தேன். பொய் சொல்லக் கூடாது, அது எனக்குப் பிடித்திருந்தது.

"வண்டி எடுத்து எவ்ளோ நாள் சார் ஆவுது?"

"ஒரு வருசம் ஆச்சு."

"நீங்களே ஓட்டுவீங்களா, இல்ல டிரைவர் போட்டிருக்கீங்களா?"

"நானேதான் ஓட்டறேன்" என்றேன்.

"அதான் சார் கரெக்டு. இந்த மாதிரி வண்டிய டிரைவருங்க கைல குடுத்தா ஒரே மாசத்துல நாஸ்தி பண்ணிடுவானுங்க. அவனுங்களுக்கு இன்னா தெரியும்?"

"ஆமாம்" என்றேன். இருபது வருடமாக ஸ்டியரிங் பிடித்துச் சோறு தின்கிற நான் அதைச் சொன்னேன்.

அப்போதுதான் உள்பக்கம் இருந்து ஜாக்கியைத் தள்ளிக்கொண்டு டயர் மாட்டுகிற ஆள் வந்தான். நிமிர்ந்து பார்த்தேன், தெரிந்த முகம். அவன் எங்கள் தெரு. நான்கு வீடு தள்ளிக் குடியிருக்கிறான். முன்பு இரும்பு ஆலையில் நான் லாரி ஓட்டிய காலத்தில் நாங்கள் இருவரும் ஒரே ஷிப்ட், ஒரே டிபன் பாக்ஸில் கைவைத்துச் சாப்பிட்டவர்கள். ஆலையை விட்டு ஏதோ டயர் கடைக்குப் போகிறான் என்று தெரியும். இந்தக் கடை என்று தெரியாது.

என்னைப் பார்த்ததும் அவன் முகம் முழுக்கச் சிரிப்பு. "இன்னா..." என்று தொடங்கினான்.

நான் சட்டென்று குனிந்து என் போனைப் பார்த்தேன். போனில் ஒன்றுமே இல்லை.

மேனேஜர் அவனைத் திரும்பிப் பார்த்தார். "இன்னாடா?"

"ஒண்ணும் இல்ல சார். வண்டிய தூக்கலாமான்னு கேக்க வந்தேன்." பிறகு என் பக்கம் திரும்பி, "வணக்கம் சார்" என்றான்.

நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

மேனேஜர் இரண்டு டயர்களை உருட்டி வந்து என் முன்னால் நிறுத்தினார். ஒன்று, வண்டியில் ஏற்கெனவே இருந்த மாதிரி. ரப்பர் மெத்தென்று இருக்கும், ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும், ஆனால் சீக்கிரம் தேயும். இன்னொன்று கெட்டி ரப்பர். நிறைய நாள் உழைக்கும், விலையும் கொஞ்சம் குறைவு. "உங்க டிரைவிங்குக்கு எது சார் செட் ஆவும்?" என்று கேட்டார்.

இந்த இடத்தில்தான் நான் முதலாளிக்கு போன் போட்டிருக்க வேண்டும். ஆனால் மேனேஜர் முன்னால் போன் போட்டு, "சார், எந்த டயர் போடச் சொல்றீங்க?" என்று நான் எப்படிக் கேட்பேன்? டயர்மேல் இருந்த இங்கிலீஷ் எழுத்தைப் படிக்கிற மாதிரி கொஞ்ச நேரம் பார்த்தேன். வேன் ஓட்டுகிற எங்களுக்கு நல்ல டயர் என்றால் தேயாத டயர், அவ்வளவுதான். கெட்டி டயரைத் தட்டிக் காட்டி, "இதையே போட்டுருங்க" என்றேன்.

"சார் சொன்னா சரிதான்" என்றார் மேனேஜர். வண்டி மேலே ஏறியது.

அவன் மட்டும் ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். என்னைப் பார்க்காமல், டயரைப் பார்த்தபடி சொன்னான்.

"சார், எதுக்கும் ஊட்ல ஒரு வார்த்த கேட்டுக்குங்க. மாட்டிட்டா அப்பால ரிட்டன் எடுக்க மாட்டாங்க."

மேனேஜருக்குக் கோபம் வந்துவிட்டது. "சாருக்குத் தெரியாதா? நீ உன் வேலைய பாரு."

அவன் எனக்கு ஒரு கதவைத் திறந்துவிடுகிறான் என்று எனக்குப் புரிந்தது. "இல்ல, வீட்ல கேட்டுடறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே ரோட்டு ஓரமாக வந்து முதலாளிக்கு போன் போட்டேன். லாரி சத்தத்தில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன்.

"ஐயோ, அது வேணாண்ணே. இந்த வண்டிக்கு அது ஆகவே ஆகாது. மழைல ஒரு பிரேக் போட்டா வழுக்கிட்டு போயிடும். ஞாயித்துக்கிழம அம்மாவ பெரியபாளையம் கூட்டிட்டு போறேன் வேற. பழைய மாதிரியே போடச் சொல்லுங்க." பிறகு, "நல்லவேள கேட்டீங்கண்ணே. அதுக்குத்தான் உங்கள அனுப்பினேன்" என்றார்.

அந்தப் பாராட்டு எனக்குக் காதில் சூடாக விழுந்தது.

உள்ளே வந்து, பழைய மாதிரி டயரையே போடச் சொன்னேன். மேனேஜர் ஒன்றும் நினைக்கவில்லை. "வீட்டம்மா சொன்னா அப்பீல் ஏது சார்" என்று சிரித்தார். அவன் சிரிக்கவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு நட்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

எல்லாம் முடிந்ததும் நான்கு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பெரிய வண்டி வந்தால் அந்தக் கடையில் போட்டோ எடுத்து கடையின் பேஸ்புக் பக்கத்தில் போடுவார்களாம். மேனேஜர் என் பக்கத்தில் வந்து நின்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். போனை அவனிடம் கொடுத்து, "எடுறா" என்றார்.

அவன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினான். நான் காருக்கு முன்னால் கட்டை மாதிரி நின்றேன்.

"சார், கொஞ்சம் சிரிங்க" என்றான் அவன். "இன்னும் கொஞ்சம்."

கிண்டல் செய்கிறானா என்று அவன் முகத்தைப் பார்த்தேன். போன் மறைத்துக்கொண்டிருந்தது.

அந்தப் போட்டோ மறுநாளே முதலாளி கண்ணில் பட்டுவிட்டது. "அண்ணே, வண்டி எப்ப உங்க பேருக்கு மாறுச்சு? எனக்கு ஒரு ரவுண்டு குடுப்பீங்களா?" என்று விழுந்து விழுந்து சிரித்தார். அவர் என்ன சொல்வாரோ என்று எனக்கு இருந்த பயம் அதோடு போய்விட்டது. மீதி பயம் எல்லாம் தெருவை நினைத்துத்தான். டீக்கடையில் அவன் இந்தக் கதையைச் சொன்னால் போதும், சாகிற வரைக்கும் எனக்குப் பெயர் 'முதலாளி'தான். அந்த வாரம் முழுக்க டீக்கடை இருக்கிற பக்கமே போகாமல் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். ஆனால் தெருவில் யாருமே என்னைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் அகப்பட்டுக்கொண்டேன். எனக்கு முன்னால் அவன் நின்றிருந்தான். தெரு ஆட்கள் நாலைந்து பேர் சுற்றி நின்றார்கள். இப்போது ஆரம்பிப்பான் என்று காத்திருந்தேன்.

"இன்னாண்ணா, ஆளையே காணோம்" என்றான். பிறகு கறிக்கடைக்காரரிடம், "அண்ணாவுக்கு மொதல்ல போடு பாய். எலும்பு கம்மியா போடு" என்றான். அவ்வளவுதான்.

இருவரும் சேர்ந்தே திரும்பினோம். தெரு முனைக்கு வந்த பிறகு எனக்கு மெதுவாக வாய் வந்தது.

"அன்னிக்கி உன்ன தெரியாத மாதிரி நான்..."

"அத்த இன்னாத்துக்கு இப்போ எடுக்கற? நான்தான் அண்ணான்னு கூப்ட்டு உன்ன மாட்டி வுட்டிருப்பேன். நல்லவேள, உன் மூஞ்ச பாத்துட்டேன்."

"இல்லடா, அந்தாளு டிரைவருங்கள அப்டி பேசறான், நானும் ஆமான்னு..."

"அவன் கெடக்கறான். எங்களயும்தான் தெனம் பேசறான்." கறிப் பையை இந்தக் கையில் இருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டான். பிறகு சிரித்தான். "ஆனா ஒண்ணுண்ணா. அந்தாளு நம்ம தெருக்காரன் ஒருத்தன குந்த வச்சி, கைய கட்டிக்கினு நின்னு பேசி நான் பாத்ததே இல்ல. உள்ள நிக்கிறப்போ எனக்கு அவ்ளோ குஜாலா இருந்துச்சி. அத்த கெடுக்க மனசு வரல."

அவன் வீடு வந்துவிட்டது. உள்ளே போய்விட்டான். மன்னித்துக்கொள் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். வரவில்லை. அதன் பிறகு எத்தனையோ முறை அவனோடு உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன். அப்போதும் வரவில்லை.

அவன் என்னைக் காட்டிக்கொடுத்துவிடுவானோ என்று நான் நடுங்கிக்கொண்டிருந்த அந்த நேரம் முழுவதும் அவன் எனக்காகச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தான் என்பதை நினைக்கும்போதெல்லாம், பக்கத்தில் யாருமே இல்லாவிட்டாலும் என் தலை தானாகவே குனிந்துவிடுகிறது.