ரிசல்ட் வருமுன் சொன்ன சாட்சி

நான்கு மாதம் நான் பொய்யிலேயே படுத்துப் பொய்யிலேயே எழுந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சபையில் சாட்சி சொல்ல எழுந்து நிற்கிற பலர் தங்கள் தப்பை மென்று விழுங்கிவிட்டு, ஆண்டவர் செய்ததை மட்டும் சத்தமாகச் சொல்வார்கள். எனக்கு அது ஒத்து வராது. தப்பைச் சொல்லாவிட்டால் அவர் என்னதான் செய்தார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

என் பெயர் பியூலா. ஆம்பூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். நான் ஆறாவது படிக்கும்போதே அப்பா தவறிவிட்டார். அம்மா ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் உட்காருகிறார்கள். காலையில் கம்பெனி வேன் வந்து ஏற்றிக்கொண்டு போனால், விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் கொண்டுவந்து இறக்கிவிடும். ப்ளஸ் டூ வரைக்கும் நான் தமிழ் மீடியம். வேலூர் பக்கத்தில் ஒரு நர்சிங் ஸ்கூலில் இடம் கிடைத்தபோது எங்கள் சின்ன சபையே கைதட்டியது. இந்தச் சபையிலிருந்து முதல் நர்ஸ் நான்தான்.

அங்கே போன பிறகுதான் தெரிந்தது. பாடம் முழுக்க இங்கிலீஷ். வகுப்பில் டீச்சர் பேசுவது காதில் விழும், உள்ளே இறங்காது. எலும்பு, நரம்பு, சுரப்பி எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் எழுதி வைத்து மனப்பாடம் பண்ணுவேன். ஒரு வார்த்தை மறந்தால் அதற்குப் பின்னால் வருவது மொத்தமும் போய்விடும். ஹாஸ்டல் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன். வெளியே கேட்கக் கூடாதே.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. கேட்டது கிடைத்துவிட்டது என்று நம்பி, கைக்கு வருமுன்பே நன்றி சொல்லிவிடுவோம். பெண் பார்க்கவே வந்திருக்க மாட்டார்கள், கல்யாணத்தை முடித்துக் கொடுத்தவருக்குத் துதி என்பார்கள். முதல் வருஷப் பரீட்சை எழுதிவிட்டு நான் லீவில் வந்த ஞாயிற்றுக்கிழமை, அம்மா எழுந்து நின்று, "என் பொண்ண ஃபர்ஸ்ட் இயர்ல பாஸ் பண்ண வெச்ச ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்" என்றார்கள். ஆராதனை முடிந்ததும் எல்லாருக்கும் கேசரி. நானும் சாப்பிட்டேன். பரீட்சையை எப்படி எழுதினேன் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

பத்து நாள் கழித்து ரிசல்ட் வந்தது. உடற்கூறும் உடல் இயக்கமும் சேர்ந்த பாடத்தில் ஃபெயில். இரண்டாம் வருஷ வகுப்பில் உட்காரலாம், ஆனால் அந்தப் பாடத்தை மறுபடி எழுதிப் பாஸாக வேண்டும். அம்மா கம்பெனியிலிருந்து போன் பண்ணினார்கள். பக்கத்து மிஷின் பெண்களெல்லாம் போனைச் சுற்றிக் கூடிப் பேசுகிற சத்தம் எனக்குக் கேட்டது. "பாஸும்மா" என்று சொல்லிவிட்டேன். ஒரே வார்த்தை. அதற்குள்ளே போய் நானே கதவைப் பூட்டிக்கொண்டேன்.

ஒரு தடவை, படிப்பு பிடிக்கவில்லை, நின்றுவிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். அம்மா கோபப்படவே இல்லை. "சபையில சொல்ட்டேனே பாப்பா. இனிமே இன்னா மூஞ்சிய வெச்சிக்கினு உள்ள போவேன்?" என்று கேட்டார்கள். அவ்வளவுதான். படிக்கவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. ஊருக்கு வந்தால் எல்லாரும் நர்ஸம்மா, நர்ஸம்மா. கையை நீட்டி நாடி பார்க்கச் சொல்வார்கள். சுகர் ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து காட்டுவார்கள். எனக்குத் தெரியாது என்று சொல்ல வாய் வராது. முட்டி போட்டு நான் ஜெபித்ததெல்லாம் ஒன்றுதான்: ஆண்டவரே, யாருக்கும் தெரியுமுன் என்னைப் பாஸ் பண்ண வை, என் பொய்யை உண்மையாக்கிக் கொடு. இப்படிக்கூட ஒரு ஜெபமா என்று இப்போது வெட்கமாக இருக்கிறது.

ஆயுத பூஜைக்குக் கம்பெனிகள் எல்லாம் லீவு, நானும் ஊருக்கு வந்திருந்தேன். அந்த நாளில் எங்கள் சபையில் உபவாச ஜெபம் வைப்பார்கள். பச்சைத் தண்ணீர்தான், சாயங்காலம் கஞ்சியோடு முடியும். அந்த வருஷம் அது வெள்ளிக்கிழமை வந்தது, படிக்கிற பிள்ளைகளுக்காக என்று வைத்தார்கள். முதல் பெயரே என்னுடையது. அம்மாவுக்குப் பக்கத்து மிஷினில் உட்காருகிற குளோரி அத்தையும் உபவாசம் இருந்தார்கள். அவர்களுக்குச் சர்க்கரை உண்டு. காலையிலேயே என்னைத் தனியாகக் கூப்பிட்டு மாத்திரை அட்டையைக் காட்டி, சாப்பிடாமல் இருக்கும்போது இதைப் போடலாமா என்று கேட்டார்கள். எனக்கு நிஜமாகவே தெரியாது. தெரியாது என்றால் நர்ஸ் படிப்பு என்ன ஆயிற்று என்று கேட்பார்களோ என்று பயம். "மாத்திரைய மட்டும் விடாதீங்க அத்தை" என்றேன். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்ததும் நான்தான்.

மத்தியானம் பாட்டுப் பாடிக்கொண்டிருக்கும்போது குளோரி அத்தை சுவரில் சாய்ந்தார்கள். பரிசுத்த ஆவியின் அபிஷேகம் என்று நினைத்துச் சிலர் துதித்தார்கள். நான் கிட்டே போய்ப் பார்த்தேன். ரவிக்கை தொப்பலாக நனைந்திருந்தது. கை வெடவெடவென்று நடுங்கியது. பேச்சு குழறியது. என்னை ஏதோ வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

வியர்வை, நடுக்கம், குழறல். இங்கிலீஷில் நூறு தடவை எழுதிப் பார்த்து, பரீட்சையில் கோட்டைவிட்ட அதே பட்டியல். சர்க்கரை இறங்கிப்போனால் இதெல்லாம் வரும் என்று அந்தப் பட்டியலுக்கு மேலே போட்டிருக்கும். அதற்கு முன் அது எனக்கு வெறும் எழுத்து. அன்றைக்கு எனக்கு முன்னால் ஒரு மனுஷியாகக் கிடந்தது. அவர்கள் சர்க்கரையை இறக்கிவிட்டது நான்.

கஞ்சி காய்ச்சுகிற இடத்துக்கு ஓடிச் சர்க்கரையை அள்ளித் தண்ணீரில் கரைத்தேன். விழுங்க முடிகிறதா என்று பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன். அப்போதுதான் மனதுக்குள் கெஞ்சினேன். ஆண்டவரே, இவர்களைக் காப்பாற்று, எல்லாவற்றையும் எழுந்து நின்று சொல்லிவிடுகிறேன், அதற்கு ஒரு வாய் கொடு. நான்கு மாதத்தில் நான் பண்ணிய முதல் உண்மையான ஜெபம் அதுதான். கால் மணி நேரம் இருக்கும். அத்தை தலையை நிமிர்த்தி, "பியூலா" என்றார்கள். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

அங்கே டாக்டர் கோபமாக, வெறும் வயிற்றில் இந்த மாத்திரையைப் போடச் சொன்னது யார் என்று கேட்டார். நான் கட்டில் பக்கத்திலேயே நிற்கிறேன். அத்தை என் முகத்தைப் பார்க்கவே இல்லை. "யாரும் சொல்லல சார். நானேதான் போட்டுக்கினேன்" என்றார்கள். எனக்காகப் பட்டினி கிடந்தவர்கள், எனக்காகப் பொய்யும் சொன்னார்கள். என்னை யாராவது அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

சபையில் என்ன பேச்சு தெரியுமா? நம்ம நர்ஸ் பொண்ணு இல்லாவிட்டால் குளோரி போய்ச் சேர்ந்திருப்பாள் என்று. கொன்றிருக்கக்கூடியவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். அம்மா ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்லத் தயாராக இருந்தார்கள். ஆண்டவரிடம் கொடுத்த வாக்கை அப்படியே விழுங்கிவிடலாம் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. சனிக்கிழமை முழுக்க அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் ஐயா சாட்சி நேரம் என்றதும், அம்மா எழுவதற்குள் நான் எழுந்துவிட்டேன். எப்படி எழுந்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. "அத்தைக்கு மாத்திரை போடச் சொன்னது நான்தான். சரியாத் தெரியாமலே சொன்னேன். நான் ஃபர்ஸ்ட் இயர் பாஸாகல" என்றேன். அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டார்கள்.

இரண்டு நாள் அம்மா என்னோடு பேசவில்லை. தட்டில் சோறு மட்டும் வைப்பார்கள். நானும் ஸ்கூலுக்குப் போகவில்லை. அம்மா வேலை பார்க்கிற கம்பெனியிலேயே ஆள் எடுக்கிறார்களா என்று பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் விசாரித்து வைத்தேன். படிப்பை விட்டுவிடுவது என்று முடிவே பண்ணிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம், அம்மா வேனிலிருந்து இறங்கி வந்து கொஞ்ச நேரத்தில் குளோரி அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். நான் காலில் விழப் போனேன். தள்ளிவிட்டார்கள். "இந்த நாடகமெல்லாம் வேணாம், உக்காரு" என்றார்கள். நான் நின்றுவிடப் போகிறேன் என்று சொன்னேன்.

"தப்பா சொன்னது நீ, கண்டுபிடிச்சதும் நீதான். பாதி படிச்சவ கையில மாட்டிக்கினேன், அதான் எனக்கு வந்த பேஜாரு. நீ நின்னுட்டா காலம்பூரா பாதி படிச்சவளாவே இருப்ப. நாளைக்கு எவளாவது உன் வாசல்ல வந்து மாத்திரைய நீட்டுவா. அப்ப இன்னாடி பண்ணுவ?"

அடுப்புப் பக்கம் திரும்பி நின்றிருந்த அம்மா அப்போதுதான் வாயைத் திறந்தார்கள். "ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடி எழுந்து நின்னது என் தப்பு. அவள வாயத் தொறக்க முடியாம பண்ணிட்டேன்" என்று அத்தையிடம்தான் சொன்னார்கள், என்னிடம் இல்லை. பிறகு என் துணிப்பையை எடுத்துவந்து, துவைத்த யூனிஃபார்மை மடித்து உள்ளே வைக்க ஆரம்பித்தார்கள். நான் அழுது தீர்த்தேன்.

மறுநாள் முதல் பஸ்ஸில் போய் டீச்சரிடம், எனக்கு இங்கிலீஷில் புரியவில்லை என்று நேராகச் சொன்னேன். இதைச் சொல்ல இத்தனை நாளா என்று கேட்டார். என்னைப் போல இன்னும் மூன்று பேர் வகுப்பில் இருந்தது அன்றைக்குத்தான் தெரிந்தது. நாலு பேரும் உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் எங்களுக்குத் தெரிந்த தமிழில் ஒருத்திக்கொருத்தி சொல்லிவிட்டு, அப்புறம் இங்கிலீஷுக்குப் போனோம். மறு பரீட்சையில் பாஸானேன். பெரிய மார்க் எல்லாம் இல்லை, தட்டுத்தடுமாறித்தான். இப்போது மூன்றாம் வருஷம். இன்னமும் கஷ்டம்தான். ஆனால் தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறேன். வார்டில் அப்படிச் சொல்லித் திட்டு வாங்குகிற நாளில்கூட நிம்மதியாகச் சாப்பிடுகிறேன்.

இதைப் படிக்கிற உங்களில் யாராவது மார்க் ஷீட்டைப் பெட்டிக்கு அடியில் ஒளித்து வைத்துக்கொண்டு, தொடர்வதா நிற்பதா என்று மூச்சு முட்டிக் கிடக்கலாம். பொய்யை உண்மையாக்கித் தாரும் என்று கேட்காதீர்கள். நானும் நான்கு மாதம் கேட்டேன், அவர் அசையவே இல்லை. உண்மையைச் சொல்ல ஒரு வாய் தாரும் என்று கேளுங்கள். அதைக் கேட்ட மூன்றாம் நாளே எனக்குத் தந்துவிட்டார்.