மேட்ரன் அம்மாவின் ஊதாக் கைகள்

கண்ணாடித் தம்ளரில் கால்வாசிக்குச் சிவப்பு ரசம். "மோந்து பாருங்க சார், மருந்தே படாத பழம்" என்று தோட்டக்காரர் அதை என் கையில் கொடுத்தார். நான் முகர வேண்டியிருக்கவில்லை. வாசனையே என்னைத் தேடி வந்துவிட்டது. பன்னீர்த் திராட்சையின் இனிப்பு, அதற்கடியில் லேசான புளிப்பு, அதற்கும் அடியில் நான் நன்றாக அறிந்த அந்தச் சூடு. அந்த நேரத்தில்தான் கொட்டகைக் கதவைத் தள்ளிக்கொண்டு, முழங்கை வரை ஊதாக் கறையோடு மேட்ரன் அம்மா வெளியே வந்தார்.

எங்கள் சபைக்குத் திருவிருந்தில் பருகும் திராட்சை மதுவான ரசத்தைக் கொடுத்துவந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். பாச்சலூர்ப் பக்கம் ஒரு குடும்பம் ரசாயன உரமே போடாமல் திராட்சை வளர்த்து, பழைய முறையில் ரசமெடுத்து, உரிய அனுமதியோடு தேவாலயங்களுக்குக் கொடுப்பதாகக் கேள்விப்பட்டு, போய்ப் பார்த்துவரும்படி ஆயர் என்னிடம் சொன்னார். அவர் புதியவர். திருவிருந்தில் நான் அப்பத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, ரசப் பாத்திரம் வருமுன் எழுந்துவிடுவதன் காரணம் அவருக்குத் தெரியாது. என் மனைவிக்குத் தெரியும். அதனால்தான் "நானும் வர்றேன்" என்று அவளும் என்னோடு நாயுடுபுரத்திலிருந்து பேருந்தேறினாள்.

மேட்ரன் அம்மா நான் கிடந்த மிஷன் ஆஸ்பத்திரியில் குடிநோயாளிகள் வார்டைக் கவனித்தவர். அப்போது நான் பள்ளி ஆசிரியர். வகுப்புக்கே குடித்துவிட்டுப் போகும் அளவுக்கு வந்திருந்தேன். குடியை நிறுத்திய முதல் நாட்களில் சுவரெல்லாம் எறும்பாக ஊர்ந்தது. என் அலறலைக் கேட்டு மற்றவர்கள் ஊசியோடு ஓடி வந்தார்கள். அவர் ஒருவர்தான் ஈரத்துணியோடு வந்தார். "ஆமா வாத்தியாரே, சாரை சாரையாத்தான் போகுது. இருங்க, தொடச்சு விடுறேன்" என்று வெறும் சுவரை மேலிருந்து கீழ்வரை பொறுமையாகத் துடைத்தார். எறும்புகள் போய்விட்டன. ஒரு பொட்டுக் கள்ளைக்கூட மன்னிக்காத மனுஷி என்று ஊரே அவரைச் சொல்லும். வீடு திரும்பும் நாளில் என்னிடம், "கோயில்ல கூட அப்பத்தோட நிறுத்திக்கிருங்க. சாமி கோவிச்சுக்க மாட்டார்" என்று சொல்லி அனுப்பினார்.

அந்தக் கைகளா இப்படிச் சாறேறி நிற்கின்றன? என்னால் நம்ப முடியவில்லை. காலுக்குக் கீழே மலைச்சரிவே நழுவியதுபோல் இருந்தது. என்னை அவர் உடனே அடையாளம் கண்டுகொண்டார். வணக்கம்கூடச் சொல்லவில்லை, நேரே வந்து தம்ளரை என் கையிலிருந்து எடுத்துத் தோட்டக்காரரிடம் கொடுத்தார். "தம்பி, இவருக்கு இது ஆகாது. வெரசா மோர் கொண்டா."

தோட்டக்காரர் அவருடைய தம்பியாம். எனக்குக் கோபம் பொங்கிவிட்டது. "எங்களையெல்லாம் குடிக்காதேன்னு சொல்லிட்டு, நீங்க இந்தச் சோலி பாக்குறீங்களா?" என்றேன். மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

அவர் கவிழ்த்துக் கிடந்த பழக்கூடை மேல் உட்கார்ந்தார். "எங்க அப்பா போட்ட தோட்டம் வாத்தியாரே. அவருக்கு ஒத்தாசையா சாடியில சாறு ஊத்தி வைக்கிறதுலதான் எனக்கே குடி பழகுச்சு. நர்சுக்குப் படிச்சு முடிக்கையில நான் முழுக் குடிகாரி. நீங்க படுத்திருந்தீங்களே, அதே வார்டுல நானும் கெடந்தேன்."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு அந்த வெற்றுச் சுவர் கண்முன் வந்தது. என்னைச் சமாதானப்படுத்தச் சொன்ன பொய் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அவரும் அந்த எறும்புகளைப் பார்த்தவர்.

"ரிட்டயர்டு ஆகி வந்தப்ப, மொதல்ல கொடியையெல்லாம் வெட்டிப் போடலாம்னுதான் நெனச்சேன். பெறகு, கொடி என்ன பாவம் பண்ணுச்சுன்னு தோணுச்சு. பழம் பிழிவேன், பதம் வந்துருச்சான்னு மூக்கால பாப்பேன். நாக்குல வைக்கிறதெல்லாம் தம்பிதான். நான் ஒரு சொட்டு தொடுறதில்ல."

நான் கேட்கத் துணியாததை மனைவி கேட்டாள். "இன்னமும் ஆசை வருதாங்கம்மா?"

"வராம? வெள்ளனே எந்திரிச்சதும் மொத சோலியே அதுகிட்ட இன்னைக்கு வேணாம்னு சொல்றதுதான். நாளைக்கும் சொல்லணும்."

கொட்டகைச் சுவரில் சாய்ந்துகொண்டேன். அந்த ஆசை இத்தனை வருஷத்தில் என்னை விட்டு ஒருநாளும் போனதில்லை. அது என் ஒருவனுடைய கேவலம் என்றெண்ணி யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். என்னைக் குணப்படுத்தியவருக்கே குணமாகவில்லை என்பது இடிபோல் இறங்கியது. அந்த இடியிலேயே ஏதோ ஓர் இறுக்கமும் உடைந்தது.

மனைவி என் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கும் இருக்கா?"

"இருக்கு" என்றேன். அந்தச் சின்ன உண்மையைக்கூட அதுவரை அவளிடம் நான் சொன்னதில்லை. அவள் திட்டவில்லை. தம்பி கொண்டுவந்த மோரை வாங்கி, ஒரு வாய் குடித்து, புளிக்கவில்லை என்று பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

சபைக்கு இப்போது அந்தத் தோட்டத்து ரசம்தான் வருகிறது. மேட்ரன் அம்மா போன மழைக்காலத்தில் காலமாகிவிட்டார். வீட்டில் தினமும் காலையில் காபியை என் முன்னால் வைக்கும்போது, "இன்னைக்கு எப்படி இருக்கு?" என்று மனைவி கேட்கிறாள். சில நாள் "பரவால்ல" என்கிறேன்; சில நாள் "கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கு" என்கிறேன். அப்படியான நாட்களில் அவள் வெளிவேலையை ஒதுக்கிவிட்டு என்னோடேயே இருக்கிறாள். எங்கள் வீட்டுக்கு வந்து தங்குகிறவர்கள், மூட்டுவலியைப் பற்றித்தான் பேசிக்கொள்கிறோம் என்று நினைக்கிறார்கள்.