சவுரியம்மாள் பிடித்த குழாய்

திண்டிவனம் தர்மாஸ்பத்திரியில் ஆயா சவுரியம்மாள் இல்லாவிட்டால் டாக்டர் சக்கரபாணியின் பாடு திண்டாட்டம்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் எந்தப் பொம்பளை ஆண் டாக்டரை மாரில் கை வைக்க விடுவாள்? திரைக்கு இந்தப் பக்கம் அவர் நெஞ்சுச் சத்தம் கேட்கிற குழாயைக் காதில் மாட்டிக்கொண்டு உட்காருவார். அந்தப் பக்கம் சவுரியம்மாள் குழாயின் முனையைப் புடவைக்குள் விட்டு, அவர் சொல்கிற இடத்தில் பிடிப்பாள். பிடிக்கத்தான் தெரியும், ஒருநாளும் அதைக் காதில் வைத்ததில்லை. அவர் 'உம்' கொட்டினால் சாதாரணச் சளி, இரண்டு தரம் கொட்டினால் கஷ்டம். அவ்வளவுதான் அவள் வைத்தியம்.

முப்பத்தெட்டாம் வருஷம், கூட்டேரிப்பட்டில் கட்டிக்கொடுத்திருந்த ஒரே மகள் ஞானப்பூ இருமிக்கொண்டே தாய்வீடு வந்து சேர்ந்தாள். டாக்டர் இரண்டு தரம் 'உம்' கொட்டினார். சவுரியம்மாள் கெஞ்சிக் குழாயை வாங்கித் தானும் கேட்டாள். வலது முதுகின் அடியில், மூச்சை இழுக்கும்போதெல்லாம் அடுப்பில் உப்பு பொரிகிற சத்தம். அதுதான் கெட்ட சத்தம் என்றார் டாக்டர். காசமாக இருக்கலாம், பாலும் முட்டையும் கொடு என்றார். அதற்குமேல் கொடுக்க அவரிடமும் மருந்து இல்லை, பாவம். நல்ல சத்தம் என்று ஒன்று உண்டென்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

பிறகு அவர் காலரா ஊசி போட விழுப்புரம் பக்கம் போய்விட்டார். சவுரியம்மாள் ஆஸ்பத்திரியின் பழைய குழாயை வீட்டுக்குக் கொண்டுவந்து, தினமும் மத்தியானம் அதே இடத்தில் வைத்துக் கேட்டாள். பொரிகிற சத்தம் குறைந்தது. ஒருநாள் அடியோடு நின்றது. மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள், தெருவுக்கே கேப்பை அடை சுட்டுக் கொடுத்தாள். மகளால் படுக்க முடியவில்லை, உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கினாள். சீக்கில் கிடந்த உடம்பு, அசதி என்று நினைத்தாள் தாய்.

டாக்டர் திரும்பி வந்ததும் மகளைக் கூட்டிக்கொண்டு போய், ஆஸ்பத்திரி வாசலிலேயே மறித்துச் சொன்னாள்.

"சத்தம் நின்னு போச்சுங்க ஐயா. நீங்களே வச்சிப் பாருங்க."

அன்றைக்குத் திரையைத் தாண்டி அவரே வந்தார். முதுகில் விரலால் தட்டிப் பார்த்தார். இடது பக்கம் காலிப் பானையாக ஒலித்தது, வலது பக்கம் நிரம்பிய மூட்டையாக மொத்தென்றது. குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். 'உம்' கொட்டவே இல்லை.

"நல்ல நெஞ்சுலயும் சத்தம் உண்டு, சவுரியம்மா. காத்து போய் வர்ற சத்தம். இந்தப் பக்கம் தண்ணி கோத்துக்கிச்சு. காத்தே போகலை."

ஊசி விட்டுத் தண்ணீரை எடுத்தார். எடுக்க எடுக்க மறுபடி ஊறியது. கிறிஸ்துமஸுக்கு ஞானப்பூ இல்லை.

சவுரியம்மாள் அதற்குப் பிறகும் வருஷக்கணக்கில் குழாய் பிடித்தாள். டாக்டரின் 'உம்' வரக் கொஞ்சம் தாமதமானால் மட்டும் திரைக்கு வெளியே தலையை நீட்டுவாள்.

"எதுனா கேக்குதுங்களா ஐயா?" என்பாள்.