மனுசிக்குக் கடல் பயம்

மாலைதீவுக்குப் போகப்போகிறோம் என்றதும் எங்கள் ஒழுங்கை முழுக்கச் சிரித்தது. "நிலாவெளியில இல்லாத மணலோ அங்க கிடக்கு?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள். அவளுக்கு என்னத்தைச் சொல்வது? திருகோணமலையில் நான் டீச்சர். எந்தக் கடற்கரைக்குப் போனாலும் என்னிடம் படிக்கிற பிள்ளைகளின் தாய்மார் நாலு பேர் நிற்பார்கள். கல்யாணம் கட்டிப் பதினெட்டு வருஷத்தில் கணுக்காலுக்கு மேல் கடல்தண்ணீர் பட்டதில்லை. ஒருவருக்கும் என்னைத் தெரியாத ஒரு தீவில், கழுத்தளவு தண்ணீரில் ஒருதரம் நிற்க வேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

பாணுக்கும் சீனிக்கும் வரிசையில் நின்ற காலம் முடிந்து, வெளிநாடு போவது கொஞ்சம் லேசாகியிருந்தது. கொழும்பிலிருந்து வந்த வர்ணத் துண்டுப்பிரசுரம் ஒன்றை அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டிவைத்தேன். சேலை எடுக்கும்போதெல்லாம் பார்ப்பேன். தண்ணீருக்குள் இறங்கவென்று பருத்திச் சட்டை ஒன்றை நானே தைத்தேன்.

எந்த மாதம் போவது என்பதில்தான் வந்தது வினை. மூதூரிலிருந்து வந்து சந்தையில் மாசிக்கருவாடு விற்கிற முஸ்லிம் நானா ஒருவர், கொழும்பில் மாலைதீவுக்காரரிடம் சரக்கு எடுப்பவர். அவரிடம் கேட்டேன். "டீச்சர், கச்சான் காத்து முடியட்டும். ஓகஸ்டுல அங்க கடல் பேய்க்கடல். டிசம்பர் லீவுக்குப் போங்க" என்றார்.

வீட்டில் வந்து சொன்னேன். என் மனுஷர் துறைமுகத்தில் இழுவைப்படகு ஓட்டுபவர். அவருக்கு வந்ததே கோபம். "கடலைப் பற்றி எனக்குக் கருவாட்டு யாவாரியோ பாடம் எடுக்கிறது? டிசம்பரில கடல் எப்பிடிக் கிடக்குமெண்டு உமக்குத் தெரியாதே? ஓகஸ்டிலதான் குளம் மாதிரிக் கிடக்கும்."

எங்கள் ஊருக்கு அது சரிதான். கச்சான் எங்களுக்குத் தென்மேற்கிலிருந்து நிலத்தின் மேலால் வருகிற காற்று; கரையோரம் அலை அடங்கிக் கிடக்கும். டிசம்பர் வாடைதான் கடலிலிருந்து வந்து எங்களைப் போட்டு அடிக்கும். அந்தத் தீவுகளுக்கோ கச்சான் திறந்த கடலிலிருந்து வருகிறது. சுற்றிவரக் குன்றுகள் காவல் நிற்கிற துறைமுகத்துக்குள்ளே இருபது வருஷம் ஓட்டியவருக்கு, உலகத்துக் கடலுக்கெல்லாம் ஒரே கலண்டர்! "உமக்கென்ன தெரியும்" என்று அவர் சொன்னால் அந்த வீட்டில் அதற்குமேல் கதை இல்லை. மகளைத் தங்கச்சி வீட்டில் விட்டுவிட்டு, ஓகஸ்ட் லீவிலேயே போனோம்.

இறங்கின அன்றிலிருந்து மழையும் காற்றும். நாங்கள் தங்க இருந்த தீவுக்குத் தோணியில் இரண்டு மணித்தியாலம் போக வேண்டும். இரண்டு நாள் தோணிக்காரன் ஏலாது என்று கையை விரித்தான். மூன்றாம் நாள் காலையில் ஏற்றினான். பாறைத்திட்டைத் தாண்டியதும் முதல் அலை தூக்கிப் போட்டது. நான் மூதூரில் பிறந்தவள். பள்ளிக்கூடக் காலத்தில் வாடைக்காற்றோடு லாஞ்சியில் குடாவைக் கடந்து திருகோணமலைக்கு வந்து படித்தவள். எனக்குச் சந்தோஷத்தில் உடம்பு சிலிர்த்தது. திரும்பிப் பார்த்தால், மனுஷர் பாய்மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறார். முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை. தனக்குத் தெரிந்த இங்கிலீசில் தோணிக்காரனைப் பார்த்துக் கத்தினார்: மனுசிக்குப் பயம், திருப்பு.

தோணிக்காரன் என்னைப் பார்த்தான். நான் ஆடாமல் அசையாமல் இருந்தேன். இல்லை, போ என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போயிருப்பான். நாலு பேருக்கு முன்னால் மனுஷனை வெட்கப்படுத்துவதா என்று வாயை மூடிக்கொண்டேன். சீ, என்ன புத்தி எனக்கு! தோணி திரும்பியது. அடுத்த விமானத்தில் வந்துவிட்டோம். தைத்த சட்டை மடிப்புக் குலையாமல் என்னோடு திரும்பி வந்தது.

ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் அவர் ஒரே கதைதான் சொன்னார். "மனுசிக்குக் கடல் பயம். அதால பாதியில திரும்ப வேண்டிப் போச்சு." முதலில் அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கமாட்டார். போகப்போக என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கடைசியில் அவரே அதை நம்பிவிட்டார் என்று நினைக்கிறேன்.

நாலு வருஷம் கழித்து மகளும் மருமகனும் மாலைதீவுக்கு வெளிக்கிட்டார்கள். டிசம்பரில்.

"அப்பாவையும் கூட்டிக்கொண்டு போறம் அம்மா" என்றாள் மகள். "பாவம், அண்டைக்கு உங்களால அவருக்குப் பார்க்கக் கிடைக்கேல்லை. நீங்கள் சித்தி வீட்டில நில்லுங்கோவன்."

நான் அவரைப் பார்த்தேன். அதே அலுமாரியைத் திறந்து சேட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தார். துண்டுப்பிரசுரம் நிறம் மங்கி இன்னும் அந்தக் கதவில்தான் இருந்தது. அவர் ஒரு சொல் சொல்லியிருக்கலாம்.

"அவவால ஏலாது பிள்ளை. கடல் அவவுக்கு ஒத்துவராது" என்றார். அன்பாக வேறு. அந்த அன்பைத்தான் இன்றைக்கும் என்னால் பொறுக்க முடியவில்லை.

அவர்கள் விமானம் ஏறின அன்று நான் போய் மூதூர் லாஞ்சியில் ஏறினேன். வாடை அடித்தது. உள்ளே இருந்தவர்களில் பாதிப்பேர் சத்தி எடுத்தார்கள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே போய், நின்றபடியே வந்தேன். சேலை முழுக்க உப்புத்தண்ணீர். இறங்குதுறையில் எனக்குத் தெரிந்தவர் ஒருவரும் நிற்கவில்லை.

ஆறாம் நாள் மூன்று பேரும் வெயிலில் கறுத்துப்போய் வந்தார்கள். கடல் எப்படி என்று கேட்டேன்.

"குளம் மாதிரிக் கிடந்தது அம்மா. அப்பா கழுத்தளவு தண்ணியில நிண்டவர்" என்றாள் மகள். "நீங்கள்கூடப் பயப்பட்டிருக்க மாட்டீங்கள்."