மூன்று மணிக்கு ஓடாத புரோகிராம்

"தம்பி, மருந்து வரேல்லை. மாஸ்டருக்கு இன்சுலின் முடிஞ்சுது."

காலையில் தொலைபேசியில் இப்படிச் சொன்னவர் யோகமலர் அக்கா. நெடுந்தீவில் சிறிய மருந்துக்கடை வைத்திருப்பவர். வீடு புங்குடுதீவில், தினமும் படகில் போய், மூன்றரைப் படகில் திரும்புவார். தேவையான மருந்துகளின் பட்டியலை அவருடைய கணினியே தினமும் மூன்று மணிக்கு யாழ்ப்பாணத்து மொத்தக்கடைக்கு அனுப்பும்படி டாஸ்க் ஸ்கெடியூலர் என்ற புரோகிராமில் நான்தான் ஒழுங்குசெய்து கொடுத்தேன். மறுநாள் காலைப் படகில் மருந்து வந்துவிடும். இரண்டு வாரம் பிசகில்லாமல் ஓடியது. நானும் கொஞ்சம் தலைக்கனத்தோடுதான் திரிந்தேன்.

"நேற்று கம்ப்யூட்டரை எத்தினை மணிக்கு நிப்பாட்டினனீங்கள், அக்கா?"

"ஒண்டரைக்கு. சோளகக் காத்து கடுமை, படகை வெள்ளன எடுக்கப்போறம் எண்டு சொல்லிச்சினம். பிளக்கையும் கழட்டிப்போட்டு ஓடினனான்."

நிறுத்தி வைத்த கணினியில் எந்த டாஸ்க்கும் ஓடாது. இது எனக்குத் தெரியும். காற்றுக்காலத்தில் படகு நேரத்துக்கு முன்பே புறப்பட்டுவிடும் என்பதைத்தான் நான் யோசிக்கவில்லை. தீவுப்பகுதியில், சரவணையில் பிறந்தவனுக்கு வெட்கக்கேடு. ஆனால் எங்கள் ஊருக்குத் தெருவும் பஸ்ஸும் இருக்கின்றன. கடலைக் கேட்டுப் பயணம் போகிற பழக்கம் எனக்கில்லை.

உடனே யாழ்ப்பாணத்து மொத்தக்கடையில் இன்சுலினை வாங்கி, ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு, நெடுந்தீவுப் படகு புறப்படும் குறிகட்டுவானுக்குப் பஸ் ஏறினேன். இன்றைக்குப் படகு எடுப்பார்களோ மாட்டார்களோ என்று துறையில் காத்து நின்றேன். எடுத்தார்கள். தெப்பமாக நனைந்து நெடுந்தீவில் இறங்கினேன்.

அக்கா ஏசுவார் என்று நினைத்தேன். "படகு வெள்ளன போறதை நானும் உமக்குச் சொல்லேல்லைத்தானே," என்று மட்டும் சொல்லி மாஸ்டர் வீட்டுக்குக் கூட்டிப்போனார்.

மாஸ்டர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். கதிரையில் சோர்ந்துபோய் இருந்தார்.

"பிழை என்னிலதான், மாஸ்டர்," என்றேன்.

"ஓம், அக்கா சொன்னவ. முதல்ல மருந்தைத் தாரும்."

ஊசியைப் போட்டுக்கொண்டு, "இரும், சேர்ந்து சாப்பிடுவம்," என்றார். இன்சுலின் இல்லாமல் சாப்பிடப் பயந்து காலையிலிருந்து அவர் பட்டினி கிடந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவருடைய மனைவி சோறும் மீன்குழம்பும் போட்டார்.

அன்றே பட்டியலை மணிக்கொருமுறை போக வைத்தேன்; அக்கா எத்தனை மணிக்குக் கணினியை நிறுத்தினாலும் அதற்குள் ஒரு பட்டியல் போயிருக்கும். இந்தக் கணினி வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒரு டாஸ்க்குக்கு நேரம் குறிக்கும் முன், அது ஓடாவிட்டால் யார் சாப்பிடாமல் இருப்பார் என்று விசாரியுங்கள்.