தரகர் வர வேண்டாம்

எங்கள் பக்கத்தில் வீடு வாங்க வருகிறவர்கள் முதலில் வீட்டைப் பார்ப்பதில்லை. உட்கார்ந்து, குடிக்கத் தண்ணீர் கேட்பார்கள். வீட்டுக்காரி கொண்டுவரும் சொம்பை அண்ணாந்து இரண்டு மடக்குக் குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருப்பார்கள். அதிலேயே பாதி வியாபாரம் முடிந்துவிடும். சுவரும் ஓடும் அதற்குப் பிறகுதான். தர்மபுரி ஜில்லாவில் நல்ல தண்ணீர் ஊறும் கிணறு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்தில், மலையடியில் இருந்த எங்கள் வீட்டுக்குப் பின்னால் அப்படி ஒரு கிணறு இருந்தது.

எண்பதுகளின் தொடக்கம் அது. நான் நாலாம் வகுப்பு படித்தேன். எங்களுக்கு வீடு இருந்தது, நிலம் இல்லை. அப்பா அடுத்தவர் காட்டில், விளைச்சலில் பங்கு என்ற வாரத்துக்குப் பாடுபட்டார். அம்மாவின் அண்ணன், என் மாமா, இண்டூருக்கு அந்தப் பக்கம் தன் ஊரிலேயே நாலு ஏக்கர் மேட்டுக்காடு விலைக்கு வருகிறது என்று சொல்லி அனுப்பினார். வீட்டை விற்றால் காட்டை வாங்கிவிடலாம், அங்கேயே ஒரு கொட்டகை போட்டுக்கொள்ளலாம். தை பிறப்பதற்குள் பணம் கட்ட வேண்டும். தவறினால் காடு வேறு ஆளுக்குப் போய்விடும். அப்பா அந்த நாலு ஏக்கரைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டை வீடாகவே பார்க்கவில்லை.

அம்மா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பிறந்த ஊருக்குப் போக எந்தப் பெண்ணுக்குக் கசக்கும் என்று அப்பாவே அவளுக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டார்.

செய்தி தெரிந்ததும் தரகர் வந்தார். வெயிலோ மழையோ கையில் குடையோடு திரிகிற மனிதர். தண்ணீர் வாங்கிக் குடித்து, கல்கண்டு மாதிரி இருக்கிறது, இந்தத் தண்ணீருக்கே நாலு பேர் அடித்துக்கொண்டு வருவார்கள் என்றார். அப்பா அவரை வழியனுப்பிவிட்டு, இரண்டு பக்கமும் தரகு வாங்குகிறவன் எந்தப் பக்கத்து ஆள் என்று அம்மாவிடம் கேட்டார். மறுநாள் அப்பா என் கையில் அடுப்புக்கரியைக் கொடுத்து, தெருப்பக்கத்து வெள்ளைச் சுவரில் எழுதச் சொன்னார். "வீடு விற்பனைக்கு" என்று எழுதினேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, கீழே இன்னொரு வரி சேர்க்கச் சொன்னார்: "தரகர் வர வேண்டாம்." என் எழுத்தை ஊரே நின்று படித்ததில் எனக்குக் கூச்சமும் பெருமையும்.

முதலில் ஒரு வாத்தியாரும் அவர் மனைவியும் வந்தார்கள். அம்மா உள்ளேயிருந்து நீட்டிய சொம்பை நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், வீட்டைச் சும்மா ஒரு சுற்றுச் சுற்றினார்கள், சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். சொல்லி அனுப்பவில்லை. பிறகு பொம்மிடியிலிருந்து ஒரு மாவு மிஷின்காரர் குடும்பம். அவர்களும் அப்படியே. கிணற்றை எட்டிப் பார்க்கக்கூட யாரும் பின்பக்கம் போகவில்லை.

அப்பாவுக்குச் சந்தேகம் தொடங்கியது. மிஷின்காரர் குடும்பத்தின் பின்னாலேயே என்னைப் போகச் சொன்னார். நான் பத்தடி தள்ளி, கல் பொறுக்குகிற மாதிரி நடந்தேன். பஸ் நிற்கும் இடத்து டீக்கடையில் அந்தம்மா வாய் கொப்பளித்துத் துப்பினார். மிஷின்காரர் அங்கே உட்கார்ந்திருந்த தரகரிடம் ஏதோ சொல்ல, தரகர் தலையைச் சொறிந்தார். பார்த்ததில் பாதியைத்தான் வீட்டில் சொன்னேன்: "தரகருகிட்டப் பேசினாங்கப்பா." துப்பியதைச் சொல்லத் தோன்றவில்லை. வாய் கொப்பளிப்பதில் என்ன இருக்கிறது?

அன்றைக்கே அப்பா டீக்கடைக்குப் போனார். என்னையும் சாட்சிக்கு இழுத்துப் போனார். தரகர் எழுந்து நின்றார்.

"என் வூட்டப் பத்தி வர்றவங்ககிட்ட என்னய்யா சொல்லிக் கலைக்கிறே?"

"நான் என்னத்தைங்க சொல்றேன்? அவங்கதான் எங்கிட்டச் சொல்றாங்க."

"என்ன சொல்றாங்க?"

தரகர் என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். "மூஞ்சிக்கு நேரா சொல்ல முடியாததக் காதுல வாங்கிக்கத்தாங்க தரகன் இருக்கறது. என்னைத்தான் வர வேண்டாம்னு எழுதிட்டீங்களே." பிறகு குரலைத் தாழ்த்தினார். "கேக்காதீங்க. கேட்டா உங்க வூட்லதான் சண்டை வரும்."

அப்பா அதை மிரட்டல் என்று எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் சந்தேகப்படாத ஆளே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் சுவர் ஓரம் நின்று பீடி பற்றவைத்தால், ஏன் அங்கே நின்றார் என்று விசாரிக்கச் சொல்வார். சந்தில் பிழிந்த எலுமிச்சம்பழம் கிடந்ததும் முடிவே கட்டிவிட்டார்: வாசலில் ஏதோ தகடு புதைத்திருக்கிறார்கள்.

மார்கழியில் மூன்றாவதாக ஒரு குடும்பம் வந்தது. அதே சொம்பு, அதே பார்வை, அதே சொல்லி அனுப்புகிறோம். அவர்கள் தெரு திரும்பியதுமே அப்பா கடப்பாரையை எடுத்து வாசலைத் தோண்ட ஆரம்பித்தார். அம்மா வேண்டாம் என்றாள். அவர் கேட்கவில்லை. முழங்கால் ஆழத்துக்குத் தோண்டியதில் ஒரு துருப்பிடித்த மாட்டு லாடம் கிடைத்தது. அது செய்வினையா இல்லையா என்று புரட்டிப் பார்த்தபடி, வேர்த்துக் கொட்ட உட்கார்ந்தவர், வந்தவர்கள் மீதி வைத்துப் போன சொம்பை எடுத்து அண்ணாந்து வாயில் ஊற்றினார்.

பாதியில் நிறுத்தினார். வாயிலிருந்த தண்ணீரை விழுங்கவுமில்லை, துப்பவுமில்லை. அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடுக்களைக்குள் தனியாக மூடி வைத்திருந்த ஒரு கலயத்திலிருந்துதான் அவள் வந்தவர்களுக்கு மொண்டு கொடுப்பாள். நான் ஒருமுறை அதில் கை வைக்கப் போனபோது, அது விருந்தாளிகளுக்கு என்று தடுத்திருந்தாள். அதில் உப்பைக் கரைத்து வைத்திருந்தாள் என்பது எனக்கு அப்போது தெரியாது. கொடுத்த தண்ணீரைக் குறை சொல்வது மரியாதை இல்லை என்பதால் வந்த யாரும் வாயைத் திறக்கவில்லை.

அப்பா மெதுவாக விழுங்கினார்.

"ஏன்டி?"

அம்மா என்னைத் தன் பக்கம் இழுத்து, என் மேலுதட்டை விரலால் தூக்கி, அப்பாவுக்கு என் வெள்ளைப் பல்லைக் காட்டினாள். மாட்டுச் சந்தையில் செய்கிற மாதிரி. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "அண்ணன் பையனைப் பாத்தீங்கல்ல" என்றாள், அவ்வளவுதான்.

மாமா மகனுக்கு என்னைவிட இரண்டு வயது அதிகம். பல்லெல்லாம் காவிக் கோடு, முழங்கால் வளைந்து தாங்கித் தாங்கி நடப்பான். அம்மாவின் பல்லும் காவிதான். அந்த ஊர்த் தண்ணீர்தான் பல்லையும் எலும்பையும் அப்படி ஆக்குகிறது என்று டாக்டர்கள் வந்து சொன்னது நான் பெரியவனான பிறகு. அம்மா அதை யாரும் சொல்லாமலே கண்டுபிடித்திருந்தாள். ஆனால் அண்ணன் வீட்டுத் தண்ணீர் விஷம் என்று எந்த வாயால் சொல்வாள்?

அப்பா குழியை மூடினார். தை பிறக்க நாலு நாள் இருக்கும்போது மாமா பஸ் ஏறி வந்துவிட்டார். வீடு ஏன் விற்கவில்லை, காட்டுக்காரனுக்கு நான் என்ன பதில் சொல்வது என்று வாசலிலேயே சத்தம் போட்டார். அம்மா அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை. அப்பா மாமாவையும் என்னையும் டீக்கடைக்குக் கூட்டிப் போனார். தரகர் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்.

"இந்த ஆளுதான் மச்சான். வந்தவங்களையெல்லாம் இங்கயே மடக்கித் திருப்பி அனுப்பிட்டான்" என்றார் அப்பா.

"ஏய்யா, ஒரு குடும்பம் பொழைக்கறது உனக்குப் பொறுக்கலயா?" என்று மாமா பாய்ந்தார்.

தரகர் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவும் கண்ணை எடுக்கவில்லை. பிறகு தரகர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆமாங்க. செவுத்துல அப்படி எழுதினா எனக்கும் ரோசம் வருமில்லீங்க. நாந்தான் கலைச்சுவுட்டேன்."

மாமா காறித் துப்பினார். தரகரின் வம்சத்தையே இழுத்துத் திட்டினார். தரகர் குடைக்காம்பைத் தடவிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். இப்போது அடி விழும், இப்போது விழும் என்று நான் கடைக்காரரின் பின்னால் போய் நின்றுகொண்டேன். இண்டூர்ப் பக்கம் போகும் பஸ் வந்தது. மாமா திட்டிக்கொண்டே ஏறிப் போனார்.

பஸ் மறைந்ததும் அப்பா பெஞ்சில் தரகருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு டீ சொன்னார். தரகருக்குப் பன்னும் வாங்கிக் கொடுத்தார். தரகர் பன்னை டீயில் தோய்த்துத் தின்றார்.

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. குற்றத்தைத் தன் வாயாலேயே ஒப்புக்கொண்ட ஆளுக்கு டீ வாங்கிக் கொடுக்கிறார் என்றால், அப்பாவும் இதில் கூட்டோ? வீடு வந்து சேரும்வரை அவர் கையைப் பிடிக்காமல், பத்தடி பின்னாலேயே நடந்து வந்தேன்.