ராணி ஜோடியைக் கவிழ்த்த கை: கருங்குழியிலிருந்து மாமல்லபுரம் போக்கர் போட்டிக்கு

போன பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் வடக்கே, கடலை ஒட்டிய ஒரு விடுதியில் போக்கர் சீட்டுப் போட்டி நடந்தது. முப்பத்தாறு பேர் ஆடுவார்கள். கடைசியில் மிஞ்சுகிற இரண்டு பேருக்குத் தமிழ்நாட்டு அணியில் இடம். பணம் கட்டவும் வேண்டாம், பணம் வரவும் வராது, எல்லாம் பிளாஸ்டிக் காயின்தான். என் பேத்தி தீபா அதில் ஆடினாள். நான் துணைக்குப் போனேன்.

தீபா சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறாள். இரண்டு வருஷமாகப் போக்கர் பழகுகிறாள். அவள் அப்பா, என் மகன் சேகர், லோடு வேன் ஓட்டுகிறவன். சீட்டு என்றாலே அவனுக்குச் சூதாட்டம். எங்கள் வீட்டில் நாங்கள் புளியங்கொட்டை வைத்து ரம்மி ஆடினால்கூட வெளியே போய் வேனைக் கழுவிக்கொண்டிருப்பான். இந்தப் போட்டிக்கு அவன் போட்ட நிபந்தனை இது: "இதான் கடைசி. டீம்ல எடுத்தா ஆடு. எடுக்கலன்னா அதுக்கப்புறம் வூட்ல சீட்டுன்ற பேச்சே இருக்கக் கூடாது." தீபா சரி என்றுவிட்டாள். வீட்டு ரம்மியும் போய்விடுமே என்று எனக்குத்தான் கவலை.

நம் பக்கத்து ஊர்களிலிருந்து இந்த மாதிரிப் போட்டிக்குப் போக நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் அஞ்சாவது வரை படித்தவள். எழுத்துப் பிழையைத் தீபா திருத்திவிடுவாள். என் கருத்தில் கை வைக்க மட்டும் அவளை விடமாட்டேன்.

கருங்குழியில் காலை ஐந்தே முக்காலுக்குப் பேருந்து. செங்கல்பட்டு இருபத்திரண்டு கிலோமீட்டர் இருக்கும், ஆளுக்கு இருபது ரூபாய். ஜி.எஸ்.டி. சாலை அந்த நேரத்தில் காலியாக இருக்கும், நாற்பது நிமிடத்தில் இறங்கிவிடலாம். நிலையத்துக்கு எதிரே பொங்கல் வடை சாப்பிட்டோம். சாப்பிட்டோம் என்றால் நான் சாப்பிட்டேன். தீபா வடையைப் பிய்த்துக்கொண்டே போனில் சீட்டுக் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தாள்.

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் முப்பது கிலோமீட்டர், திருக்கழுக்குன்றம் வழி. ஞாயிற்றுக்கிழமையில் இந்தப் பேருந்தில் இடம் பிடிக்க வேண்டுமானால் நிலையத்திலேயே ஏறுங்கள், வழியில் ஏறினால் நின்றுகொண்டுதான் போக வேண்டும். மலைக்கோயில் தெரிந்ததும் நான் கும்பிட்டேன். தீபாவும் போனை மடியில் வைத்துவிட்டுக் கும்பிட்டாள். ரொம்ப நேரம் கும்பிட்டாள்.

மாமல்லபுரத்தில் இறங்கும்போது மணி எட்டு. கல் செதுக்குகிற சத்தம் அதற்குள்ளேயே ஆரம்பித்திருந்தது. விடுதி ஐந்து கிலோமீட்டர். ஆட்டோக்காரர் இருநூறு கேட்டார், நூற்றைம்பதுக்கு வந்தார்.

"இன்னா ஆயா, காலங்காத்தால ரிசார்ட்டுக்கு? கல்யாணமா?" என்றார்.

"சீட்டாட்டம்" என்றேன்.

ஆட்டோ ஒரு குலுக்குக் குலுக்கியது. "சீட்டாட்டமா! ஆயா, போலீசு வந்துகினு கீதுன்னு தெரிஞ்சா எனக்கு ஒரு போன் போடு. பின்பக்க வழி எனக்குத் தெரியும்."

தீபா அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள்.

தெரியாதவர்களுக்கு ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆளுக்கு இரண்டு சீட்டு, மூடியபடி கொடுப்பார்கள். நடுவில் ஐந்து சீட்டு திறப்பார்கள், அது எல்லோருக்கும் பொது. இந்த ஏழில் நல்ல ஐந்து யாரிடம் இருக்கிறதோ அவருக்கு வெற்றி. இடையிடையே காயின் வைத்து ஏற்றிக்கொண்டு போகலாம். பிடிக்கவில்லையென்றால் சீட்டைக் கவிழ்த்து முன்னால் தள்ளிவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம். ரம்மியில் நாம் ஸ்கூட் என்போமே, அதேதான். ஆளுக்கு ஐயாயிரம் காயின் தருவார்கள். ஆனால் முறை வைத்து இரண்டு பேர் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கட்டாயக் காயின் போட வேண்டும், அது இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை ஏறும். அதனால் சும்மா உட்கார்ந்திருந்தாலும் காயின் கரையும். காயின் தீர்ந்தால் வெளியே.

ஒன்பதரைக்குத் தொடங்கியது. வேடிக்கை பார்க்கிறவர்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கம் உட்கார வேண்டும். பேசக்கூடாது, போனை எடுக்கக்கூடாது. எனக்கு யார் சீட்டும் தெரியவில்லை, கைகள்தான் தெரிந்தன. கைகளைப் பார்த்தாலே நிறைய தெரிகிறது.

முதல் ஒரு மணி நேரம் தீபா பத்து ஆட்டத்துக்கு எட்டு ஆட்டம் ஸ்கூட். புதிதாக ஆடுகிறவர்கள் இதைக் கற்றுக்கொண்டாலே பாதி வந்துவிட்டது. அவள் மேசையில் ஒருவர் வருகிற சீட்டையெல்லாம் ஆடினார். அவர் வாங்கி வைத்த காப்பி ஆறுவதற்குள் எழுந்து போனார். இன்னொன்றும் கவனித்தேன். தான் கடைசியாகப் பேசுகிற முறை வரும்போது தீபா கொஞ்சம் சுமாரான சீட்டையும் ஆடுகிறாள், முதலில் பேச வேண்டிய முறையில் நல்ல சீட்டு இருந்தால்தான் ஆடுகிறாள். மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்துவிட்டு முடிவெடுப்பது எவ்வளவு பெரிய வசதி! பெண் பார்க்கப் போகிற வீட்டில்கூட அந்த வசதி கிடையாது.

அவளிடம் காயின் ஒன்பதாயிரமாக ஏறியிருந்தது. அப்போது ஒரு ஆட்டத்தில் மற்றவர்கள் ஒதுங்கிவிட, அவளுக்கு எதிரில் கல்பாக்கத்திலிருந்து வந்த ஜான்சன் என்கிற டெக்னீஷியன் மட்டும் மிஞ்சினார். நடுவில் ஆறு, ஏழு, எட்டு, கூட ஒரு ராஜா, ஒரு இரண்டு. ஜான்சன் தன்னிடமிருந்த காயினையெல்லாம் வைத்தார், தீபா சரிக்குச் சரி வைத்தாள். ஜான்சன் சீட்டைத் திறந்தார், எட்டு ஒரு ஜோடி, ஏழு ஒரு ஜோடி. தீபாவின் முகம் மலர்ந்தது. அவளிடம் ஒன்பதும் பத்தும். ஆறிலிருந்து பத்து வரை முழு சீக்வென்ஸ். ஜெயித்துவிட்டாள்.

ஜெயித்த சந்தோஷத்தில் அவள் கை, எங்கள் வீட்டுப் பாயில் என்ன செய்யுமோ அதைச் செய்தது. ரம்மியில் சீட்டு சேர்ந்துவிட்டால் ஒரு சீட்டைக் கவிழ்த்து வைத்து "டிக்" என்போம், அப்புறம்தான் மிச்சத்தை விரிப்போம். பத்தை அப்படியே "டிக்" என்று கவிழ்த்து முன்னால் வைத்தாள். சீட்டுப் போடுகிற பெண் அதைச் சட்டென்று இழுத்து, கழித்த சீட்டுகளோடு கலந்துவிட்டாள். போக்கரில் கவிழ்த்து முன்னால் தள்ளினால் வேண்டாம் என்று அர்த்தம்.

"மேடம், அது ஜெயிச்ச கை!" என்று தீபா எழுந்தாள்.

மேற்பார்வை பார்த்த அம்மா வந்து விசாரித்துவிட்டு, "நீங்களே கவுத்துத் தள்ளிட்டீங்க. கை செத்துப்போச்சுமா. சாரி" என்றார்.

ஜான்சன் தலையில் கை வைத்துக்கொண்டார். "தங்கச்சி, இன்னா பண்ணிட்ட! நான் தோத்துட்டேன்னு நாற்காலிய பின்னாடி தள்ளிகினு இருந்தேனே!"

சாப்பாட்டு இடைவேளையில் தீபாவிடம் மிஞ்சியது இரண்டாயிரத்துச் சொச்சம். வெளியே சவுக்கு மரத்தடியில் உட்கார்ந்து தயிர்சாதத்தைப் பிரித்தேன்.

"ஆயா, அப்பாவுக்கு போன் போட்டுச் சொல்லிடு. முடிஞ்சி போச்சு."

"இன்னாடி முடிஞ்சது? உங்கிட்ட காயின் கீதா இல்லியா?"

"கீது. ரெண்டாயிரம்."

"அப்போ வாய மூடிகினு துன்னு."

வாயை மூடிக்கொண்டு எப்படித் தின்பது என்று அவளும் கேட்கவில்லை. நாலு வாய் போன பிறகு அவளாகவே சொன்னாள். "ஆயா, நம்ம நூத்தியொன்னு ஆட்டத்துல எண்பத்தஞ்சுல நிக்கறவன் செத்தான் இல்ல? ஒரு ஸ்கூட்டுக்கு இருவது. ஸ்கூட் அடிச்சாலே அவுட்டு. இன்னா சீட்டு வந்தாலும் கம்பல்சரியா ஆடணும்."

"ஆமா" என்றேன். எங்கள் வீட்டு ரம்மியில் புள்ளி ஏறி நூற்றியொன்றைத் தொட்டால் ஆள் வெளியே.

"நான் இப்போ எழுவதுல கீறேன். எண்பத்தஞ்சு வர்ற வரிக்கும் குந்திகினு இருக்கக் கூடாது."

இதைத்தான் ஓரளவு ஆடத் தெரிந்தவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். காயின் குறைந்துவிட்டதென்று பயந்து ஒடுங்கி உட்கார்ந்தால் கட்டாயக் காயினே நம்மைத் தின்றுவிடும். நம் காயினைப் பார்த்து மற்றவர்கள் கொஞ்சமாவது யோசிக்கிற நிலைமை இருக்கும்போதே, நல்ல சீட்டு வந்தவுடன் மொத்தத்தையும் நடுவில் தள்ளிவிட வேண்டும். எதிராளி பயந்து விலகினாலும் நமக்கு லாபம், விலகாவிட்டாலும் நம் சீட்டு நல்ல சீட்டு. மற்றவர்கள் தள்ளும்போது பார்த்துக்கொண்டு பின்னால் போவதைவிட, நாம் முதலில் தள்ளுவது நல்லது.

மத்தியானம் அவள் அதைத்தான் செய்தாள். எல்லாவற்றுக்கும் மேலான ஆசும், கூட ராஜாவும் வந்தது, எல்லாவற்றையும் தள்ளினாள், ஒருவரும் வரவில்லை. மறுபடி தள்ளினாள், வரவில்லை. மூன்றாவது தடவை ஒருவர் வந்தார், தீபாவுக்கு இரட்டிப்பாகத் திரும்பி வந்தது. மேசை நாலாக இருந்தது இரண்டானது, இரண்டு ஒன்றானது. நான் வைத்திருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திருகி அதன் மரையே போய்விட்டது.

நாலரை மணிக்கு மூன்று பேர் மிச்சம். கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பையன் முன்னால் காயின் மலை மாதிரி. தீபாவிடம் அதில் பாதி. ஜான்சனிடம் ஒரு கைப்பிடி, அதிலும் பெரிய பங்கு கட்டாயக் காயினாகப் போய்விட்டது. இரண்டு பேருக்குத்தான் இடம். என் எதிரில் மூன்று பேர்.

கண்ணாடிப் பையன் சீட்டைப் பார்த்தான், மலையை அப்படியே நடுவில் தள்ளினான். அடுத்தது தீபாவின் முறை. தன் சீட்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். ஜான்சனின் காயினைப் பார்த்தாள். அப்புறம் இரண்டு சீட்டையும் கவிழ்த்து முன்னால் தள்ளினாள்.

காலையில் பார்த்த அதே கை! ஐயோ, மறுபடியும் பழக்கதோஷத்தில் தள்ளிவிட்டாளா என்று நான் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டேன். கயிற்றடியில் நின்றவர் என்னைப் பார்த்து முறைத்தார். தீபா என் பக்கம் திரும்பவே இல்லை. கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கு வேற வழியில்லப்பா, கம்பல்சரி" என்று ஜான்சன் மிச்சத்தை உள்ளே போட்டார். சீட்டைத் திறந்தார்கள். ஜான்சனிடம் ராஜாவும் ஒன்பதும். பையனிடம் ஆசும் ஏழும். நடுவில் நாலு சீட்டு வந்தது, ஒன்பது ஒன்று விழுந்து ஜான்சன் முந்தினார். அவர் பக்கத்து ஆட்கள் கையை ஓங்கினார்கள். ஐந்தாவது சீட்டு ஒரு ஆசு, பையனுக்கு ஆசு ஜோடி.

ஜான்சன் போய்விட்டார். மிச்சம் இரண்டு பேர். என் பேத்தி தமிழ்நாட்டு அணி!

நான் கத்தினேன். பேசக்கூடாது என்ற சட்டம் அதற்குள் முடிந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஜான்சன் தீபாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "தங்கச்சி, டீமுக்குப் போற எடத்துல டிக் கிக் அடிச்சிட்டு வந்துடாத!"

வெளியே வந்ததும் கேட்டேன், "கடைசியா இன்னா சீட்டுடி தள்ளின?"

"ராணி ஜோடி ஆயா."

ராணி ஜோடியை யாராவது ஸ்கூட் அடிப்பார்களா! அவள் சொன்ன காரணத்தை இங்கே பத்திரமாக எழுதுகிறேன். சாதாரணப் போட்டியாக இருந்தால் அவள் ஆடியிருப்பாள். இங்கே முதல் ஆளுக்கும் இரண்டாம் ஆளுக்கும் ஒரே பரிசு. ஜான்சன் இன்னும் ஓரிரு ஆட்டத்தில் தானாகப் போய்விடுவார். தன்னை வெளியே தள்ளக்கூடிய ஒரே ஆளோடு, அந்த நேரத்தில், எவ்வளவு நல்ல சீட்டாக இருந்தாலும் எதற்கு மோத வேண்டும்? அவள் மோதியிருந்தால் ஜான்சன் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்திருப்பார், அந்தக் கடைசி ஆசு அவளைத்தான் அனுப்பியிருக்கும். ஆனால் அந்த ஆசு வராமல் போயிருந்தாலும் அவள் செய்தது சரிதான் என்கிறாள். இப்போது யோசித்தால் எனக்கும் அப்படித்தான் படுகிறது. காலையில் தெரியாமல் கவிழ்த்ததில் போனது, சாயந்தரம் தெரிந்து கவிழ்த்ததில் வந்தது.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கடல் வரைக்கும் ஓடினாள். நானும் என்னால் முடிந்த வேகத்தில் ஓடினேன். புடவை முழங்கால் வரை நனைந்தது, நனையட்டும்.

திரும்புகிற பேருந்தில் பக்கத்து சீட்டு, முன் சீட்டு, பின் சீட்டு எல்லோருக்கும் விஷயத்தைச் சொன்னேன். நடத்துனரிடமும் சொன்னேன். "சந்தோஷம் மா, மொதல்ல டிக்கெட்ட எடு" என்றார்.

போகிறவர்களுக்குக் கடைசியாகச் சில வார்த்தை. கருங்குழியிலிருந்து இரண்டு பேருக்குப் போக வர, ஆட்டோவெல்லாம் சேர்த்து ஐந்நூறு ரூபாய்க்குள் அடங்கும். விடுதிச் சாப்பாடு விலை அதிகம், கட்டிக்கொண்டு போங்கள். கூடம் முழுக்க ஏசி, வயசானவர்கள் சால்வை எடுத்துப் போவது நல்லது. போட்டியில் எத்தனை பேருக்குப் பரிசு என்பதை ஆடுவதற்கு முன்னால் கேளுங்கள், ஆடுகிற விதமே அதைப் பொறுத்து மாறும். ரம்மி வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒன்று: ஜெயித்தால் இரண்டு சீட்டையும் மல்லாக்க விரித்து வையுங்கள். மற்ற நேரமெல்லாம் யார் கண்ணிலும் படாமல் மூடி வையுங்கள்.

கருங்குழி நிறுத்தத்தில் சேகர் வேனோடு நின்றிருந்தான்.

"இன்னா?" என்றான்.

"எடுத்துட்டாங்கப்பா" என்றாள் தீபா.

வேன் கதவைத் திறந்துவிட்டான். வழியெல்லாம் ராணி ஜோடிக் கதையை அவனுக்குச் சொல்லிக்கொண்டு வந்தோம். வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, கை கழுவிவிட்டு வந்தவன், நாங்கள் விரித்திருந்த பாயின் ஓரத்தில் உட்கார்ந்தான். என் மகன் சீட்டுக்கு முன்னால் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"அந்த ராணி ஜோடின்றியே, எனக்கும் ரெண்டு சீட்டு போடு, பாப்போம்."

தீபா கலைத்துப் போட்டாள். சேகர் இரண்டையும் எடுத்து, செய்தித்தாள் படிக்கிற மாதிரி முகத்துக்கு நேரே நீட்டிப் பிடித்தான். ஒரு கிளாவர் நாலு, ஒரு இஸ்பேட் ஜாக்கி. எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது.

"டேய், மூடிப் பாருடா!" என்றேன்.